புதுத் தாழ்ப்பாள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி சூசையப்பன் எஸ்டேட் ஆசாரி செல்லத்துரைக்குப் போன் போட்டார். பேத்தி அறைக் கதவுக்குச் சாயங்காலத்துக்குள் புதுத் தாழ்ப்பாள் வேண்டும். மழையில் கதவு ஊதி இறுகிவிட்டது, தள்ளியதில் நிலை பிளந்து பழையது பிய்ந்துபோயிற்று என்றார்.

“மழைக்குக் கதவு ஊதும் அண்ணாச்சி. நெலையுமா பொளக்கும்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடே. முடியுமா, முடியாதா?”

“கோவப்படாதிய. ஆனை முட்டுனாலும் அசையாத மாதிரி ஒண்ணு மாட்டிருதேன்.”

நிலையைப் பிளந்தது அவருடைய தோள்தான். எழுபத்தொரு வயதுத் தோள், இன்னும் விண்விண்ணென்று தெறித்தது. நேற்று விடியற்காலை உள்ளே ஜோமோள் தரையில் கிடந்தாள். பதினைந்து வயது. பக்கத்தில் அவருடைய மாத்திரை டப்பா காலியாகக் கிடந்தது. மருமகள் பின்சி அலற வாயைத் திறந்தபோது அவர் முதலில் செய்தது அந்த வாயைப் பொத்தியதுதான். எஸ்டேட் லயத்து வரிசையில் பதினோரு வீட்டுக்கும் ஒரே கூரை. ஆம்புலன்ஸ் வந்தால் சைரன் போடும் என்று ஜீப்பை வரவழைத்தார். ஏலப்பாறை வளைவுகளில் ஜீப் குலுங்கிப் போனபோது, அரைக்கண் செருகிக் கிடந்த பிள்ளையின் கன்னத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். தலைவலி. இருட்டு. ஒரே டப்பா. மாற்றி எடுத்துவிட்டேன்.

அவருக்குப் பத்து வயதில் அண்ணன் ஒருவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்துக்குள் அவனுக்கு இடமில்லை என்றுவிட்டார் அன்றைய சாமியார். மதிலுக்கு வெளியே, காட்டுப்பன்றி கிளறும் மண்ணில் புதைத்தார்கள். அந்த மதிலுக்கு உள்ளே வந்து, பங்குப் பேரவையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார அவருக்கு நாற்பது வருஷம் பிடித்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை மூத்த பேத்தி டின்டுவுக்குக் கோயிலில் இரண்டாம் கல்யாண ஓலை வாசிப்பு. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பலிபீடத்திலிருந்து ஊரைப் பார்த்துக் கேட்பார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயதுக்காரி. மலையாளம் கலந்த தமிழ்.

“அப்பச்சா, உயிருக்குப் பயமில்ல. ஆனா மனசு நோக்கணும். பிள்ளைங்களுக்கான வார்டு கோட்டயத்துலதான். ஒரே பெட் இருக்கு, பன்னெண்டு மணி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கேன். தானா செஞ்சதுன்னு வீட்டுக்காரங்க ஒத்துக்கிட்டாத்தான் அங்க எடுப்பாங்க.”

“மாத்தி எடுத்துட்டா. அவ்வளவுதான்.”

“நான் அவகிட்ட தனியா கேட்கட்டே.”

பச்சைத் திரைக்கு வெளியே அவர் முதுகு வளையாமல் நின்றார்.

“தலவலி டாக்டர். இருட்டுல மாத்தி எடுத்துட்டேன். தாத்தா மாத்திரையும் என்னுதும் ஒரே டப்பாவுல கெடந்துச்சு.”

ஒரு சொல் பிசகவில்லை. ஏட்டி, சொல்லித் தொலையேன் என்று அவருக்கு நாக்குவரை வந்தது. உண்மையை அவள் உடைத்துவிட்டால் தான் உடைக்க வேண்டியதில்லை.

“வேற ஒண்ணுமில்லையா மோளே?”

அவர் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவளே சொன்னாள். “நாளைக்கு அக்காவுக்கு ஓலை வாசிக்காக. நான் கோயில்ல இல்லன்னா ஊர்ல கேப்பாக.”

திரை விலகியது. டாக்டரம்மா அவர் முகத்தையே பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

“அப்பச்சன் என்ன பறையறீங்க?”

“பிள்ள சொன்னதுதான்” என்றார். தவறுதலாக நடந்தது என்று எழுதி டாக்டரம்மா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அந்திக் கருக்கல். செல்லத்துரை வேலையை முடித்துப் போயிருந்தான். பிளந்த நிலையில் புதுச் சட்டம் அடித்து, உள்பக்கம் பித்தளையில் கனமான தாழ்ப்பாள் மாட்டியிருந்தான், எண்ணெயும் விட்டிருந்தான். பின்சி அடுப்பங்கரைக்குப் போனாள்.

“துணி மாத்திட்டு வாரேன் தாத்தா.”

ஜோமோள் உள்ளே போனாள். கதவு சேர்ந்தது. எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவர் ஒரு விரலால் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“ஜோமோளே.”

“வாரேன் தாத்தா.”

பக்கத்து வீட்டில் ஜெபமாலை தொடங்கியிருந்தது. பத்து அருள்நிறை மந்திரம் முடிந்து அடுத்த பத்தும் பாதி ஆயிற்று. அவர் மறுபடி கூப்பிட்டார். சுவருக்கு அந்தப்புறம் கேட்டுவிடாதபடி மெதுவாக. பிறகு வலிக்கிற தோளைக் கதவோடு சாய்த்து வைத்துக்கொண்டு நின்றார்.