இரண்டு விரல் இடைவெளி

சக்கரத்துக்கும் அதற்கு மேலே வளைந்திருந்த மட்கார்டுக்கும் நடுவில் பழனிக்குமார் கையை நுழைத்துக் காட்டினான். நாலு விரலும் தாராளமாகப் போயின. "பாத்தீங்களாண்ணே, லாரி மாதிரி நிக்குது. ரெண்டு விரலுக்கு மேல நுழையக் கூடாது. நல்லா இறக்கி விட்ருங்க."

திண்டுக்கல் பழனி ரோட்டில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில், கிரீஸ் படிந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அவன் மனைவி தமிழ்மதி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். மடியில் ஸ்கேன் ஃபைல். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, வயிறு குலுங்கவே கூடாது, அம்மா வீட்டுக்குப் போவதென்றால் மெதுவாக, ஒரே தடவையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பழனிக்குமார் எல்லாவற்றுக்கும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டினான். ஆட்டிவிட்டு நேரே இங்கே வந்து நிற்கிறான். அந்தத் தலைக்குள் என்னதான் இருக்கிறதோ!

மெக்கானிக் ஸ்டான்லி கையைத் துடைத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். "தம்பி, குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டாப் பத்தாது. ஷாக் அப்சார்பரையும் அதுக்கேத்தாப்ல மாத்தணும். மாத்துனாலும் வண்டி வெறைப்பாத்தான் இருக்கும். பள்ளத்துல விழுந்தா இடுப்பு வரைக்கும் அடிக்கும். பின்னாடி யாரு உக்காருவா?"

"யாரு உக்காரப் போறா? நான் ஒருத்தன்தாண்ணே. ஷாக்கு பழசே கெடக்கட்டும். ஸ்பிரிங் வாங்கி வச்சிருக்கேன், அத மட்டும் மாட்டுங்க. ஞாயித்துக்கெழம வீட்ல விசேஷம்."

ஞாயிற்றுக்கிழமை விசேஷம் என்பது அவளுடைய வளைகாப்பு. அது முடிந்ததும் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கு இந்தக் காரில்தான் அவள் போக வேண்டும். மூன்று முழம் தள்ளி, வயிறும் கையுமாக உட்கார்ந்திருப்பவளை வைத்துக்கொண்டே, யாரு உக்காரப் போறா என்கிறான். சீ!

"என்னங்க, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அட, உனக்காகத்தான் மதி பண்றேன். வண்டி இறங்கிருச்சுன்னா ஆடவே ஆடாது. ரோட்டை அப்படியே புடிச்சுக்கிட்டுப் போகும். நீ தூங்கிக்கிட்டே போலாம்."

பொய் சொன்னால்கூடப் பொறுத்திருப்பாள். ஒரே மூச்சில், ஒரே வாயால், கூச்சமே இல்லாமல் இரண்டு பேச்சு. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மசக்கையெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது.

ஸ்டான்லி வண்டியைத் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றினார். முன்பக்க ஷாக்கை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்து, இரண்டு புறமும் கவ்வி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஸ்பிரிங்கை அமுக்கினார். "தெறிச்சா ஆளையே சாய்ச்சிரும். நீ தள்ளி உக்காரு தங்கச்சி" என்றார். அதைச் சொல்ல வேண்டியவன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நீளமான கறுப்பு ஸ்பிரிங் போய், குட்டையான சிவப்பு ஸ்பிரிங் உட்கார்ந்தது. அடி வாங்கும்போது தாங்குகிற ரப்பரில் பாதியை அறுத்து எறிந்தார்கள். கடைசியில் சக்கரங்களை நேராக்கும் அலைன்மெண்ட். வண்டி தரையில் இறங்கியதும் பழனிக்குமார் ஓடிப்போய்க் கையை நுழைத்துப் பார்த்தான். சரியாக இரண்டு விரல். அந்த இரண்டு விரலையும் உதட்டில் ஒற்றி முத்தம் கொடுத்துக்கொண்டான், கிரீஸோடு. வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, கை வைத்துப் பாருங்கள் என்று அவள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்! "அப்புறம் பாக்குறேன்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு வகைச் சோறு, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். கிளம்பும் நேரத்தில், அம்மா பக்கத்தில் நிற்கும்போதே, மாமியார் சிவனம்மாள் அவள் காதருகே வந்தாள். "பெறந்த வீட்டுக்குப் போற புள்ளத்தாச்சி யாருகிட்டயும் போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. திரும்பியும் பாக்கக் கூடாது. பேசாம ஏறிப் போயிரணும், தெரிஞ்சதா?" தமிழ்மதி அப்படியே போய்க் காரின் முன்சீட்டில் ஏறினாள். பின்னால் அப்பா பொன்னுத்துரையும் அம்மாவும், மடியில் பலகாரத் தூக்கோடு.

எரியோடு ஊர் வருவதற்குள்ளேயே ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் அவள் முதுகெலும்பில் வந்து பேசியது. ஆடவே ஆடாதாம்! ஆடவில்லைதான், குத்தியது. அதைத் தாண்டி ஊருக்குள் திரும்பும் ரோட்டில் முதல் வேகத்தடை. விபத்து நடந்த இடத்தில் ஊர்க்காரர்களே சிமெண்டைக் குழைத்துப் போட்டது, முழங்கால் உயரம் இருக்கும். கர்ரென்று காரின் அடிவயிறு கிழிகிற சத்தம். பழனிக்குமார் அலறினான். "அய்யய்யோ, அடி தட்டுது! வெயிட்டு ஜாஸ்தி. எல்லாரும் இறங்குங்க!"

இறங்கினார்கள். காரைக் குறுக்காக வளைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். மறுபடி ஏறினார்கள். அடுத்த ஊர், அடுத்த தடை, மறுபடி "இறங்குங்க". மூன்றாவது தடையில் தூக்குவாளியையும் இறக்கச் சொன்னான். மாப்பிள்ளையாயிற்றே என்று பொன்னுத்துரை வாயை இறுக்கிக்கொண்டு அதையும் சுமந்தார். டீக்கடையில் நின்றவர்கள், வளையலும் மாலையுமாக வெயிலில் நடந்து வரும் பிள்ளைத்தாச்சியையும், அவளுக்கு முன்னால் காலியாக ஊர்ந்து போகும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தமிழ்மதிக்கு வெட்கமாக இல்லை. அருவருப்பாக இருந்தது. இந்த ஆளோடா இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்றிருந்தது.

ஐந்தாவது தடைக்கு முன்னால் ஒரு பள்ளம். வண்டி டமாலென்று விழுந்தது. அவள் அடிவயிறு கல்லாக இறுகியது.

"என்னங்க, வயித்தப் புடிக்குதுங்க."

"செத்த இரு மதி, பம்பர் என்னாச்சுன்னு பாத்துட்டு வாரேன்" என்று இறங்கினான். பட்டு வேட்டியோடு ரோட்டில் படுத்து, தலையைக் காருக்கு அடியில் விட்டான். "போச்சு, போச்சு, அடியில பூராம் கீறிருச்சு" என்று அங்கிருந்து குரல் வந்தது. டயர் உரசிய ரப்பர் தீயும் நாற்றம். அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்களைப் பார்த்தாள். எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

பின்னால் ஒரு மினி பஸ் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மருமகன் முன்னால் குரலே உயர்த்தாத பொன்னுத்துரை, நடு ரோட்டில் போய்க் கையைக் காட்டி நின்றார். டிரைவர் வளையல் அடுக்கிய கையைப் பார்த்ததும் முன்சீட்டுக்காரரை எழுப்பிவிட்டார். "பைய ஏறு தாயி. ஆஸ்பத்திரி வழியாத்தான் போறோம், வாசல்ல நிப்பாட்டுறேன்."

விசில் சத்தம் கேட்டுத்தான் பழனிக்குமார் தலையை வெளியே எடுத்தான். நெற்றியில் ஆயில். "மதி! எங்க போற? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டியா?"

அம்மாதான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுல்ல மாப்ள. ஒங்க ஆத்தாதான் சொன்னாக."

தமிழ்மதி திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் கியரைக் குறைத்து, அந்த வேகத்தடையில் பஸ்ஸை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார். அவள் கையிலிருந்த வளையல்கள்கூடச் சத்தம் போடவில்லை.