பிழைத்த பிள்ளை

வசந்தமலர் ஒரு தொண்டு நிறுவனத்தோடு மூன்று கிழமை தமிழ்நாட்டு அகதி முகாமொன்றுக்குப் போய்வந்தது 1994 கோடையில். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அது கைகொடுக்கும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவளோடு படித்த இம்மாகுலேற்றும் மருத்துவத்துக்குத்தான் விண்ணப்பித்தாள். ஆனால் மன்னாரிலிருந்து அப்படியொரு முகாம் வழியாக லண்டனுக்கு அகதியாக வந்தவளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போக வழியில்லை.

"நீ ஏன் போகவேணும்? முகாமிலயே இருந்தனீதானே," என்றாள் வசந்தமலர்.

தோர்ண்டன் ஹீத் பஸ்ஸின் மேல்தட்டில், அன்றுதான் இம்மாகுலேற் வாய் திறந்தாள். முகாமில் வயிற்றோட்டம் பரவியது. டாக்குத்தர் இல்லை. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை ஹோர்லிக்ஸ் போத்தல் மூடியால் தம்பிக்குப் பருக்கிக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவன் விழுங்கவில்லை. முன்னதாகவே லண்டனுக்கு வந்திருந்த அப்பாவுக்குக்கூட அவள் முழுதாகச் சொல்லாத கதை அது. கேட்ட வசந்தமலர் அழுதேவிட்டாள்.

மாசி மாதம் இம்மாகுலேற்றுக்கு ஒரு மருத்துவக் கல்லூரியில் நேர்காணல். ஏன் மருத்துவம் என்று கேட்டார்கள். தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எழுதிக்கொண்டிருந்த பெண் டாக்டர் பேனையை வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"போன வாரம் வந்த மாணவியும் இதையே சொன்னார். அந்த மூடி உட்பட. முகாம்தான் வேறு. பிள்ளையும் பிழைத்துவிட்டது."

"அது என்னுடைய தம்பி," என்றாள் இம்மாகுலேற். பொய் பிடிபட்டவள்போல அவர்கள் முன்னால் தலை குனிந்து இருந்தாள்.

நேரே வசந்தமலர் வீட்டுக்குப் போனாள். அவள் மறுக்கவில்லை.

"அங்க எங்களுக்கு ஒரு வேலையும் தரேல்ல. சுவருக்குப் பெயின்ற் அடிச்சம், பிள்ளையளோட நிண்டு படமெடுத்தம். வேறென்னத்தைச் சொல்ல? நீ அதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டாய் எண்டு நினைச்சன்."

"அவனை ஏன் பிழைக்க வச்சனீ?"

வசந்தமலர் சுவரைப் பார்த்தாள். "செத்துட்டான் எண்டு சொன்னா, நான் ஒண்டும் செய்யாத மாதிரியெல்லே இருக்கும்."

இம்மாகுலேற் தன் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வசந்தமலருக்கு அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. இம்மாகுலேற்றை மறுத்துவிட்டார்கள். பங்குனியில் வேறொரு நகரத்துக் கல்லூரி அவளை அழைத்தது. ஏன் மருத்துவம் என்று அங்கேயும் கேட்டார்கள். தனக்கு உயிரியல் விருப்பமென்று சொன்னாள். இடம் கொடுத்தார்கள்.

அப்பா மாதா கோயிலில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். வசந்தமலரையும் கூப்பிடச் சொன்னார்.

"வேண்டாம் அப்பா," என்றாள்.

ஏனென்று அவர் கேட்டார். அவள் சொல்லவில்லை.