பெயர் வைக்காத வீடு

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, மாடி வீட்டின் முன்னறையில் கிடந்த பிரம்பு நாற்காலி மூன்று முறை தும்மியது. வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து யார் வீட்டு ஜன்னலுக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பிக் கருவிப் பையை மூடிக்கொண்டிருந்தான். தும்மியது நீயா என்று இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் கேட்டு, இல்லை என்று தலையசைத்த பிறகுதான் நாற்காலியைப் பார்த்தார்கள். அது நான்காவது முறையும் தும்மியது. பிரம்பு முடிச்சுகள் இரண்டிலிருந்து மஞ்சளாகச் சளி ஒழுகியது. முந்தின நாள் சாயங்காலம்வரை அந்தச் சளி குளியலறையில் அட்டைப் பெட்டிக்குள் கிடந்த பூனைக்குட்டியின் மூக்கில் இருந்தது. மின்சார மீட்டர் பெட்டிக்கு அடியில் கண் இரண்டும் ஒட்டிப்போய், வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை அக்காதான் எடுத்து வந்திருந்தாள். இப்போது அது கண்ணைத் திறந்து, பெட்டி விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, இந்த வீட்டில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

மிருக டாக்டர் குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு இதற்கு ஒன்றுமில்லை என்றார். நாற்காலியைப் பற்றிக் கேட்டதற்கு, மரச்சாமான்களுக்குத் தான் படிக்கவில்லை, ஆனால் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை என்றார். அக்கா நாற்காலியைப் போர்வையால் சுற்றி வெயில் விழும் இடத்தில் வைத்தாள். ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்து முடிச்சுகளைத் துடைத்தாள். நாற்காலி கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரருடையது. நாலைந்து நாள் கழித்துத் தன் நாற்காலி ஏன் இருமுகிறது என்று கேட்டுக்கொண்டு அவர் மேலே வந்தார். விவரத்தைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் தன் வீட்டிலிருந்து தைலப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் நாற்காலி தேறியது. அதற்குள் குட்டியை ஒரு கண்ணாடிக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்து எடுத்துப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பூனைகள் வந்தபடியே இருந்தன. லாரி டயருக்குள்ளிருந்து ஒன்று, மூடிய கடையின் ஷட்டருக்குப் பின்னாலிருந்து ஒன்று, படிக்கட்டுத் திருப்பத்தில் யாரோ துணிப்பையில் போட்டு வைத்துவிட்டுப் போன நான்கு. உடம்பெல்லாம் படை பிடித்து முடி கொட்டிப்போன பூனை ஒன்று குளியலறையில் தங்கிய மூன்றாம் நாள், சமையலறைக் கதவின் பெயிண்ட் வட்டவட்டமாக உதிர்ந்தது. பூனைக்கு முடி முளைக்க ஆரம்பித்தது. வயிறு முழுக்கப் பூச்சியோடு ஒரு குட்டி வந்தபோது மேசையின் இழுப்பறை உப்பிப்போய்த் திறக்க வரவில்லை. பேதி கண்ட குட்டிக்காக ஃபிரிட்ஜ் மூன்று நாள் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே வைத்ததையெல்லாம் கதவைத் திறந்து தரையில் தள்ளியது. ஸ்கூட்டர் ஏறிக் கால் ஒடிந்த பூனைக்காகச் சாப்பாட்டு மேசை நொண்டியது. தம்பி அதன் காலுக்கு இரண்டு மரச்சில்லுகளை வைத்துக் கட்டி, ஒரு மாதம் யாரும் அதன்மேல் தட்டு வைக்கக் கூடாது என்று சொன்னான். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாமான்கள் தேறும், பூனைகள் தேறும், ஆள் வந்து எடுத்துப் போவார்கள். அந்தத் தெருவில் இதைப் பற்றிப் பேச்சு இருந்தது, ஆனால் தண்ணீர் வராத நாளைப் பற்றிய அளவுக்கு இல்லை.

ஒரே ஒரு முறைதான் தவறிப்போயிற்று. இரண்டாம் வருஷம் அக்கா ஒரு வெள்ளைப் பூனையை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்து, பெயர் வைத்தாள். சாதாரணக் காய்ச்சல்தான். வீட்டில் ஒரு ஸ்டூலுக்குக்கூட உடம்பு சூடாகவில்லை. பூனை ஐந்தாம் நாள் அவள் மடியிலேயே செத்துப்போயிற்று. அவள் அழவில்லை, ஒரு வாரம் தைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வீடு, வேறொருவரிடம் போகப்போகிற பூனையின் நோயைத்தான் வாங்கிக்கொள்கிறது, இங்கேயே இருக்கப்போகிற பூனையின் நோயை வாங்கிக்கொள்வதில்லை என்று சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டான். வீட்டைக் கேள் என்றாள். அன்றிலிருந்து அங்கே எந்தப் பூனைக்கும் பெயர் கிடையாது. எடுத்த இடத்தை வைத்து மீட்டர் பெட்டி, டயர், ஷட்டர் என்றார்கள். அது விலாசம், பெயர் இல்லை.

"பேரு வெச்சா நம்ம பூனை," என்பாள் அக்கா, கேட்கிறவர்களிடம். "இது அவங்க பூனை. அவங்க யாருன்னு இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

தம்பி இந்த விதியை ஆறு வருஷம் மீறவில்லை. மீறியது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள். கயிறு உரசுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். லிஃப்டை மேலே நிறுத்திவிட்டு ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கினான். எண்ணெய்ப் பிசுக்கும் சாக்லேட் காகிதங்களும் கிடந்த மூலையில் சாம்பல் நிறப் பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. வலது காதில் பாதி இல்லை. வயிறு பந்துபோல வீங்கியிருந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் மற்றப் பூனைகள்போல அது ஓடவில்லை, சீறவில்லை. எழுந்து நிதானமாக நடந்து வந்து அவன் பூட்ஸ்மேல் உட்கார்ந்துகொண்டது. இருபத்தைந்து வருஷமாக அவன் குழிகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான். கீழே ஒரு தடவைகூட அவனுக்காக யாரும் காத்திருந்ததில்லை. குனிந்து அதைத் தூக்கும்போது ஒரு பெயரைச் சொன்னான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அது அவன் கையில் முகத்தைத் தேய்த்தது. என்ன பெயர் என்பது அவனுக்கும் பூனைக்கும் மட்டும் தெரியும். இங்கே அது எழுதப்படவில்லை.

டாக்டர் வீங்கிய வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீர் கோத்திருக்கிறது, நெஞ்சுப் பக்கமும் ஏறுகிறது, மருந்து தருகிறேன், ஆனால் இது மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்ல மாட்டேன் என்றார். பிறகு, உங்கள் வீட்டில் பெரிய சாமான் எது என்று கேட்டார். பீரோ என்றாள் அக்கா. அப்படியானால் பரவாயில்லை என்றார்.

பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா தினமும் காலையில் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு பீரோ, மேசை, ஃபிரிட்ஜ், தம்பியின் இரும்புக் கட்டில், சுவர்க் கடிகாரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் கல்லுப்போல ஆரோக்கியமாக இருந்தன. பூனை சுருங்கிக்கொண்டே வந்தது, வயிறு மட்டும் பெருத்தது. சாப்பாட்டைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் விட்டால் பாதியை விழுங்கும், பாதி கழுத்தில் வழியும். தம்பி வேலையிலிருந்து வந்ததும் நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு நாள் அவன் படியேறி வரும்போது வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு வந்தான். அக்கா மடியில் கிடந்த பூனை தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது.

"கூப்பிட்டா திரும்புது," என்றாள் அக்கா.

"பசிச்சா எல்லாந்தான் திரும்பும்."

"பசிச்சா தட்டைப் பார்க்கும். இது உன்னைப் பார்க்குது. என்ன பேரு வெச்ச?"

"வெக்கல."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு நுனி வேர்க்கும். சின்னதுலேர்ந்து அப்படித்தான்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இத்தனை பூனையைக் குடுத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமேக்கா."

"இருக்கட்டும். எத்தனை நாளைக்கு இருக்கும்னு டாக்டரைக் கேட்டுட்டு வா."

அவன் கேட்கப் போகவில்லை. மூன்றாம் நாள் தன்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தான். எலக்ட்ரீஷியனுக்குப் பூனை என்றாலே தடிப்புத் தடிப்பாக வரும். அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னறையின் நடுவில் நின்று, இந்தப் பூனையை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று பீரோவைப் பார்த்து உரக்கச் சொன்னான். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான். அக்கா தையலை நிறுத்தினாள்.

"மரத்துக்கிட்ட பொய் சாட்சி சொல்ல ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"ஒரு முயற்சிதானே."

"தம்பி, நீங்க ஒரு வாய் டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க," என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னாள். "உங்களுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துபோச்சு. இந்த வீட்ல இன்னிக்கு நோய் வந்தது உங்களுக்கு மட்டுந்தான்."

அந்த வாரக் கடைசியில் பூனை சிரிஞ்சையும் மறுத்தது. கழுத்தை நீட்டி, விலா எலும்புகள் ஏறி இறங்க, மூச்சு விடுவதை மட்டும் வேலையாகச் செய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண் வந்தாள். அவள் வந்தது, அப்போது வீட்டில் இருந்த படிக்கட்டுக் குட்டிகள் நான்கில் ஒன்றைப் பார்க்க. அக்கா குட்டியை எடுத்துவர உள்ளே போனபோது, திறந்திருந்த குளியலறைக் கதவு வழியாக வேன்காரப் பெண் சாம்பல் பூனையைப் பார்த்தாள். உள்ளே போய் ஈரத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தொடவில்லை. தொடையின் பக்கத்தில் கையை விரித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பூனை தன் முன்னங்காலை அந்தக் கையில் வைத்தது. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எடுத்துட்டுப் போகவா?" என்று அவள் கேட்டாள்.

"அது பிழைக்காதுங்க."

"சரி. எத்தனை நாள் இருக்கோ அத்தனை நாள் இருக்கட்டும்."

அந்த வீட்டில் பூனை கேட்டு வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது தம்பியின் வேலை. அன்றைக்கு அவன் கேட்டதுபோல அதற்கு முன் யாரையும் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறீர்களா என்று கேட்டான். அடித்திருக்கிறேன் என்றாள். வீட்டில் யார் யார் என்று கேட்டான். தானும் மாமியாரும் என்றாள். மாமியாருக்குக் காது கேட்காது, பூனை கத்தினால் கோபம் வராது. முன்னால் வளர்த்த பூனை என்ன ஆயிற்று என்று கேட்டான். பதினேழு வயதில் கிழமாகிச் செத்தது என்றாள். அவள் ஏதாவது ஒன்றில் தவற வேண்டும் என்று அவன் காத்திருந்தான். அவள் தவறவில்லை.

"ராத்திரி எந்நேரம் வேணா மூச்சு முட்டும். எழுந்துக்கணும்."

"விடியறதுக்கு முன்னால வண்டி எடுக்கறவ நான். எனக்குத் தூக்கமே அரைகுறைதான்."

அவன் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தான். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை இது குடிக்காது என்றான். குழாயை லேசாகத் திறந்துவிட்டால் நக்கிக் குடிக்கும். தாடைக்கு அடியில் சொறியலாம், பாதிக் காதுப் பக்கம் கை போகக் கூடாது, அது வலிக்கிறதோ இல்லையோ, அதற்குப் பிடிக்காது. போர்வை பழசாக இருக்க வேண்டும். மருந்து கொடுக்குமுன் சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ண வேண்டும். வெளியிலிருந்து வந்தால் முதலில் பூட்ஸைக் கழற்றி அதன் பக்கத்தில் வைக்க வேண்டும், அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கும். தன்னிடம் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது, எடுத்துப் போகலாம் என்றான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவன் குரல் சாதாரணமாகிக்கொண்டு வந்தது, இன்னொருவர் வீட்டுக்குப் போகிற வழியைச் சொல்கிற மாதிரி. பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவனே கவனிக்கவில்லை.

அப்போது பக்கத்து அறையில் இரும்புக் கட்டில் நீர் நிறைந்த ஒரு மூச்சை இழுத்தது. தம்பி பேச்சை நிறுத்தினான். கட்டில் இன்னொரு மூச்சு இழுத்தது. அக்கா படிக்கட்டுக் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். மெத்தையின் நடுவில் பானை அளவுக்கு வீக்கம் எழும்பியிருந்தது. தெர்மாமீட்டரைக் கட்டில் சட்டத்துக்கு அடியில் செருகினாள். பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெள்ளைப் பூனை செத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. குளியலறையில் சாம்பல் பூனை எழுந்து நின்று, வேன்காரப் பெண்ணின் மடியைத் தாண்டிப் போய்த் தட்டில் காய்ந்து கிடந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டது.

பத்து நாள் கழித்து வேன்காரப் பெண் வந்து அதை எடுத்துப் போனாள். வேனின் முன் இருக்கையில் கூடையை வைத்து பெல்ட்டு போட்டாள். பூட்ஸ் ஜோடியைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். தம்பி கண்ணாடிக்கு வெளியே நின்றான். பூனை அவனைப் பார்த்தது, பிறகு பூட்ஸைப் பார்த்தது. வேன் போன பிறகு அவன் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றுவிட்டு, படியேறி வந்து, கட்டிலுக்கு மருந்து நேரம் ஆயிற்றா என்று கேட்டான். வேன்காரப் பெண் தன் வீட்டில் பூனைக்கு வேறு பெயர் வைத்தாள். அந்தப் பெயருக்கும் அது திரும்பியது. இதை அவள் போனில் சொன்னபோது அவன் நல்லது என்றான். அக்கா அவன் மூக்கு நுனியைப் பார்த்தாள். வேர்க்கவில்லை.

கட்டில் மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்தது. தம்பி அதன் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தான். டாக்டர் வாரம் ஒருமுறை வந்து மெத்தையில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். சாமான்கள் விஷயத்தில் இப்போது தனக்குக் கொஞ்சம் கை பழகிவிட்டது என்றார். வீட்டுக்காரர் பழைய தைலத்தையே மறுபடியும் கொண்டுவந்தார். வெயில் அடிக்கத் தொடங்கியதும் வீக்கம் வடிந்தது. மூச்சு சீராயிற்று. சட்டத்தில் இலேசான இரைச்சல் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. தம்பிக்கு அது இல்லாமல் இப்போது தூக்கம் வருவதில்லை. இடையில் படிக்கட்டுக் குட்டிகள் நான்கும் போய்விட்டன. காமாலையோடு வந்த ஒரு தாட்டியான ஆண் பூனைக்காகப் பீரோ மஞ்சளாகித் தேறி, அதன் கண்ணாடி மட்டும் இன்னும் மஞ்சள் தெளியாமல் நின்றது. கடிகாரம் யாருக்காகவோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆறு மணிக்கு மேல் மணி பார்க்காமல் இருந்தது. தையல் இயந்திரத்துக்கு விக்கல். அக்கா அதோடேயே தைத்தாள். திரைச்சீலை ஓரங்களில் அங்கங்கே இரட்டைத் தையல் விழுந்தது, வாங்கினவர்கள் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை, தம்பி கட்டிலின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கீழே வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மிருக டாக்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு கைகளாலும் ஒரு அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெட்டியின் துளைகளில் ஒன்றிலிருந்து ஈரமான மூக்கு ஒன்று வெளியே வந்து, காற்றை முகர்ந்துவிட்டு உள்ளே போயிற்று.

டாக்டர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "அக்கா, உங்க வீட்ல இன்னும் உடம்பு நல்லா இருக்கற சாமான் ஏதாவது மிச்சம் இருக்கா?"