ஹெலன் உங்களை அழைப்பார்

வீட்டில் அடி தாங்காமல் ஓடி வரும் பெண்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றும் இல்லம் எங்களுடையது. டுலூத் நகரத் துறைமுகத்தை ஒட்டிய தெரு. எந்த ஊர் என்றே வெளியே தெரியக் கூடாது. அதனால் கடிதங்கள் இருநூறு மைல் தள்ளி ஒரு தபால் பெட்டி எண்ணைப் போட்டுப் போகும். நன்கொடை கேட்டு அவற்றை எழுதுவது என் வேலை.

அந்த நவம்பரில் நான் எழுதியது மார்லிஸின் கதை. நான்கு வயது மகளோடு வந்திருந்தாள். பெயரை ஹெலன் என்று மாற்றினேன். முதல் வரைவைப் படித்த நிர்வாகி லோர்னா உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரோ ஒருத்தின்னு இருக்கு. இதைப் படிச்சுட்டு யாரும் காபியைக்கூடக் கீழே வைக்க மாட்டாங்க. நடந்ததுல ஒண்ணைப் போடு."

போட்டேன். மார்லிஸின் கணவன் கர்ட் தினமும் மாலையில் அவள் காரின் மைல் கணக்கைப் பார்த்து, கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் குறித்து வைப்பான். ஒரு மைல் கூடியிருந்தால் விசாரணை. மார்லிஸ் படித்துப் பார்த்து, பேர்தான் வேறயே, இருக்கட்டும் என்றாள்.

எல்லாரும் முதலில் படிப்பது பின்குறிப்பைத்தான். அதில், பதில் அனுப்புகிறவர்களை ஹெலனே தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்வார் என்று எழுதினேன். லோர்னா என் முதுகில் தட்டினாள். நன்கொடையாளர் முகவரிகளை, வழக்கம்போல, வேறொரு அமைப்போடு பரிமாறிக்கொண்டோம். தெருநாய்களைக் காப்பாற்றும் அமைப்பு. அவர்களுக்குக் கொடுப்பவர்களுக்கும் எங்கள் கடிதம் போனது.

பதில்கள் குவிந்தன. வியாழன் காலை, பக்கத்து அறையில் மார்லிஸ் அழைக்க ஆரம்பித்தாள். எங்கள் எண் மறுமுனையில் தெரியாது. அவளிடம் இருந்தது நான் தட்டச்சு செய்த பட்டியல். பதில் சீட்டுகளின் முன்பக்கத்தில்தான் பெயரும் எண்ணும் இருக்கும். பின்பக்கத்தை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. சீட்டுகளைக் கட்டாகக் கட்டும்போது ஒன்று கவிழ்ந்து விழுந்தது.

முன்பக்கத்தில் திருமதி எட்னா ஸ்ட்ரூப். பின்பக்கத்தில் நேர்த்தியான ஆண் கையெழுத்து.

'கடைசி மைல் கணக்கு 41,306. கடிதத்தில் விட்டுவிட்டீர்கள். சுவரில் இன்னும் இருக்கிறது.'

பட்டியலில் ஸ்ட்ரூப் ஏழாவது பெயர். ஓடினேன்.

மார்லிஸ் ஆறு பெயர்களை அடித்திருந்தாள். ரிசீவர் காதில். நான் பிடுங்கிக் கேட்டேன். ஒரு நாய் இரைக்கும் சத்தம். அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம்.

"நாய்ங்க மேல உசிரையே வச்சிருக்கான்," என்றாள் மார்லிஸ், மெல்ல.

துண்டிக்கக் கை நீட்டினேன். அந்த நொடியில் கால்வாய்க்குள் நுழைந்த கப்பல் ஊதியது. பதிலுக்குத் தூக்குப்பாலமும் ஊதியது. நீளம், குட்டை, நீளம், குட்டை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மறுமுனை அமைதியாகக் கேட்டு முடித்தது.

"அட, டுலூத் பாலமா," என்றான் கர்ட். குரலில் கோபமே இல்லை. "நாலு மணி நேரம்தான். போனை வைம்மா, வண்டியை எடுக்கணும்."

லோர்னா போலீசுக்கும், வேறு ஊர் இல்லத்துக்கும் மாறி மாறிப் பேசினாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க நான் மாடிக்குப் போனபோது மார்லிஸ் தரையில் உட்கார்ந்து மகளுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"இன்னொரு ஷூ அங்க கட்டிலுக்கு அடியில," என்றாள். "சீக்கிரம்."