கை போன போக்கு

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போட்டவள் அவள். தவளையின் வயிறு, பூவின் குறுக்குவெட்டு, இதயத்தின் நாலு அறைகள். பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் படக்காரம்மா. ஒரு கோடு இம்மி விலகினாலும் பாடக் குழுவிலிருந்து ஓலை வந்துவிடும் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்து பழகியவள். பிற்காலத்தில் அவள் சமையலறைச் சுவரில் தொங்கப்போவது இன்னதென்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் வைத்தியம் பார்க்க அனுப்பியிருப்பாள்.

எல்லாம் தொலைபேசியில் ஆரம்பித்தது. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன். கல்யாணமானதும் ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோய்விட்டான். இரண்டு பேருந்து மாறினால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் தூரம். ஆனால் வாரத்துக்கு ஒரு போன் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பேசப் பேச, இவள் கையிலிருந்த பென்சில் பழைய அச்சுத் தாள்களின் பின்பக்கத்தில் சும்மா சுழித்துக்கொண்டிருக்கும். ஒன்பது நிமிஷம் பேசினால் சாண் அகலத்துக்கு ஒரு கிறுக்கல். நாலு நிமிஷத்தில் “சரிம்மா, வெச்சிடறேன்” என்று விட்டால் உள்ளங்கை அளவு.

ஒரு ஞாயிறு அவன் கூப்பிடவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தால் தாள் நிரம்பிக் கிடக்கிறது. ஒரு மீன், அதன் வயிற்றுக்குள் இறங்கிப் போகிற மாடிப்படி, கடைசிப் படியில் தலைமுடி வளர்ந்த ஒரு நாற்காலி. யார் கேட்டார்கள் இதையெல்லாம்? முதலில் பயந்துபோனாள். பிறகு வந்தது பாருங்கள் ஒரு சந்தோஷம், அதை வெட்கமில்லாத சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். என்ன வரையப்போகிறோம் என்று தெரியாமல் அவள் வரைந்த முதல் படம் அது.

அன்றிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. சொல்வது சுலபம். கோடு லேசாகப் பறவை மாதிரி வளைந்தால் போதும், உள்ளே உட்கார்ந்திருந்த பழைய படக்காரம்மா எட்டிப் பார்த்து அதற்கு ஒழுங்காக ஒரு அலகை வைத்துவிடுவாள். அவளை விரட்டவே இரண்டு வருஷம் பிடித்தது. அதற்கப்புறம் கை சுத்தமாகத் தன் போக்கில் போனது. தாள் போதாமல் சுவரில் பெரிய காகிதம் ஒட்டிக் கரியால் வரைந்தாள். ஒருநாள் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. சர்ரியலிஸ்டுகள் என்று வெளிநாட்டு ஓவியர் கூட்டம் ஒன்று நூறு வருஷத்துக்கு முன்பே இதே காரியத்தைச் செய்திருக்கிறதாம். அட, நமக்கும் ஆள் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அந்த ஆட்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

நாலாவது வருஷம் ஒரு மாலை, மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். சமையலறைச் சுவரைப் பார்த்தவன் பேயறைந்தவன் போல் ஆகிவிட்டான். இவளோ அவன் வாயையே பார்த்தபடி நின்றாள், பாடக் குழுவின் பதிலுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

“அம்மா, இதெல்லாம் எப்பலேருந்து?”

பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் பாவி. “நாலு வருஷமா. இதையெல்லாம் நான் போடலைப்பா, தானா வருது.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த வாரமே ஞாபகமறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் வேலை முடிந்து தினமும் வந்தான். அடுப்பை அணைத்தாளா என்று பார்த்தான், கூட உட்கார்ந்து சாப்பிட்டான், தன் மேலதிகாரியைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தான். மறதிநோய்தான் என்று டாக்டர் சொன்னால் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவனோடு போய்விட வேண்டும் என்றும் சொல்லிவைத்தான். அவன் வீட்டில் இவளுக்கு என்று இருப்பது துணி துவைக்கும் இயந்திரம் நிற்கிற பின்னறை. ஒரு கட்டில் போடலாம். மேசைக்கும் இடமில்லை, படம் ஒட்டச் சுவரும் இல்லை.

டாக்டரம்மா வெள்ளைத்தாளை நீட்டினாள். ஒரு கடிகாரம் வரைந்து, எண்களைப் போட்டு, மணி பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். யாரிடம்? ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு நாலு பதிப்பு கடிகாரம் வரைந்தவளிடம். காம்பஸ் இல்லாமலே வட்டம் கச்சிதமாக வந்தது. பார்த்துவிட்டு டாக்டரம்மாவே சிரித்தாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, எதற்கும் ஆறு மாதம் கழித்து ஒரு தடவை காட்டுங்கள் என்றாள். வெளியே வந்ததும் மகன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். மேசை தப்பித்தது என்று இவளும் அழுதாள்.

மகனுக்கு நிம்மதி வந்துவிட்டது. வந்த நிம்மதியில் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசினான்.

படங்கள் என்னவோ பிரமாதமாக வந்தன. தொழில் தெரிந்தவளுக்குத் தன் வேலை தெரியாதா? வாழ்நாளில் அதைவிட நல்லதாக அவள் போட்டதில்லை. ஒரு சாயங்காலம் முடித்துவிட்டு, கையெல்லாம் கரியோடு, “எப்படி இருக்கு?” என்று பக்கத்தில் ஆள் நிற்பதுபோல் வாய்விட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஞாயிறு மானத்தை விட்டு, ஒருநாள் வந்துவிட்டுப் போயேன் என்று மகனிடம் சொன்னாள்.

“வேலை தலைக்கு மேல இருக்கும்மா. உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே” என்றான்.

கெட்டவன் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

ஆறு மாதம் ஆனது. அவனே வந்து அழைத்துப்போனான். படியேறும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அதே அறை, அதே வெள்ளைத்தாள், அதே பதினொன்று பத்து.

அவள் நாலு நாளாக யோசித்து வைத்திருந்தாள். வட்டத்தை ஒரு பக்கம் நசுங்கினாற்போல் போட்டாள். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி அடைத்தாள். சின்ன முள்ளைப் பதினொன்றுக்கும், இரண்டில் நிற்க வேண்டிய பெரிய முள்ளைப் பத்துக்கும் இழுத்தாள். கை இரண்டு தடவை முரண்டு பிடித்தது. விடவில்லை. இத்தனை வருஷத்தில் தெரிந்தே அவள் தப்பாகப் போட்ட முதல் படம் அதுதான்.

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. மகன் தாளை எட்டிப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பென்சில் பிடித்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

“பயப்படாதேம்மா. இனிமே நான் கூடவே இருக்கேன்.”

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. நோயின் அறிகுறியாக இருக்கும் என்று டாக்டரம்மா ஏதோ குறித்துக்கொண்டாள். பென்சில் நழுவி மேசைக்கடியில் உருண்டது. மகன் கையை விடவில்லை, அவளும் உருவிக்கொள்ளவில்லை.