கூடுதலாக அடித்த ஒரு மணி

எங்கள் கடிகாரச் சங்கத்தில் பதினான்கு பேர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சைக்கிள் கடைக்கு மேலிருக்கும் கூடத்தில் கூடுவோம். மேசை முழுக்கக் கடிகாரங்கள். அவை மணி அடிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வோம். இதைச் சொன்னால் என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும்.

அன்று பதினொன்று அடித்து ஓய்ந்ததும், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் லென்ஸ் அக்கா போனை எடுத்தார்.

"நேத்து நம்ம சாவி கொண்டுவந்த கடிகாரம் இருக்கே, அதோட குரலைக் கேளுங்க."

சாவி நான்தான். யார் வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் திரும்ப மாட்டேன். அதனால் வந்த பெயர்.

அது என் அண்ணன் வீட்டுச் சுவர்க் கடிகாரம். துடைத்து எண்ணெய் போட முந்தின நாள் இங்கே தூக்கி வந்தேன்; கூட்டத்துக்கு மேசை போட எங்கள் ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். இன்று காலை எட்டரைக்கு மறுபடி மாட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தேன். நேற்று போனில் பதிந்துவைத்திருந்ததில் அது நான்கு அடித்தது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று எங்கள் ஆட்களின் கூச்சல். உடனே ஐந்து அடித்தது.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அந்த ஐந்தை அடிக்க வைத்தவன் நான். முள் நான்கு இருபதில் நின்றுகொண்டிருக்க, உள்ளே விரலை விட்டு, மணியடிப்பை முடுக்கும் கம்பியைத் தூக்கினேன். அந்தக் காலத்துக் கடிகாரம் முள்ளைப் பார்த்து அடிப்பதில்லை. நான்குக்கு அப்புறம் ஐந்து, ஐந்துக்கு அப்புறம் ஆறு என்று தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும். ஒரு தடவை கூடுதலாக அடிக்கவிட்டால், அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று கூட்டியே அடிக்கும். சங்கத்தில் எல்லாருக்கும் இது பாலபாடம். காலையில் முள்ளைத் தள்ளும்போது ஒவ்வொரு மணியிலும் நிறுத்தி அடிக்கத்தான் விட்டேன். எண்ணவில்லை. நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் முள் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அண்ணனுக்குக் கண் தெரியாது. சர்க்கரை நோய் பார்வையைக் கொண்டுபோய் நான்கு வருடமாகிறது. கடிகாரம் பன்னிரண்டு அடித்தால், ஊசிப் பேனாவைத் திருகி, அது சொடுக்கும் சத்தத்தை எண்ணி, தானே வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஆள் வருவான். இன்று பதினொன்றுக்கே பன்னிரண்டு அடித்திருக்கும். ஊசி போட்டுவிட்டு ஒன்றேகால் மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் மனிதர் சுருண்டு விழுந்துவிடுவார்.

போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஷிப்ட், போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குள் போவார். மேல் வீட்டுக்காரர்கள் வெளியூர். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சிக்னலும் எனக்கென்றே சிவந்து நின்றது.

என்னிடம் இருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேனா காலடியில் கிடந்தது.

"சாப்பாடா?" என்றார். நாக்கு குழறியது.

சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை நோயாளி வீட்டில் சர்க்கரையைத் தேடுவது போன்ற கொடுமை வேறில்லை. அண்ணி எங்கோ ஒளித்துவைத்திருந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து உருட்டினேன்.

"அரிசி டப்பாக்குள்ள..." என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரியும்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத."

அரிசிக்குள் கையை விட்டு, பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரில் அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். தம்ளர் அவர் பல்லில் இடித்தது. இரண்டாவது தம்ளரும் உள்ளே போன பிறகுதான் நடுக்கம் குறைந்தது. பிரெட் இருந்தது, அதையும் தின்ன வைத்தேன்.

"மணி தப்பா அடிச்சுது, அண்ணே. என் தப்புதான்."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"பத்து அடிச்சப்பவே சந்தேகம் வந்துச்சு. நீ இப்பத்தானே கிளம்பின, அதுக்குள்ள எப்படிப் பத்து ஆகும்னு யோசிச்சேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ மாட்டின கடிகாரமாச்சே. நான்தான் நடுவுல கண்ணசந்துட்டேன் போலன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்தது.

சாப்பாடு வரும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கடிகாரம் ஒன்றே ஒன்று அடித்தது. அண்ணன் தலையைத் தூக்கிச் சிரித்தார். அவர் சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மறுபடி பன்னிரண்டுக்குக் கொண்டுவர, இரண்டு, மூன்று என்று எல்லா மணியையும் அடித்துத் தீர்க்க வேண்டும். கம்பியைத் தூக்கினேன்.

"நீ தூக்கு, போதும்" என்றார் அண்ணன். "நான் எண்ணிக்கிறேன்."