வயல் பக்கத்து வேலி

திர்ஸாவின் வலது கட்டைவிரல் வீங்கி, நகத்தடியில் கருநீலம் பாய்ந்து கிடந்தது. தொட்டால் தோள்வரை சுரீரென்று இழுத்தது. முதுகும் தோளும் வலிப்பது செங்கல் சூளையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உள்ளதுதான், அதை யாரும் வலி என்று சொல்வதில்லை. விரல் வலி வேறு. அது டார்காஸ் கொடுத்தது.

சூளை பிரிக்கிற வேலை இரண்டு பேர் வேலை. உள்ளே நிற்கிறவள் சூடான கற்களை மூன்று மூன்றாகத் தூக்கி எறிவாள், வெளியே நிற்கிறவள் தோல் பட்டை கட்டிய கையால் ஏந்தி வண்டியில் அடுக்குவாள். எறியும்போது "இந்தா" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில்தான் ஏந்துகிறவளின் பத்து விரலும் இருக்கிறது. பதினோரு வருஷமாக டார்காஸ் எறிய, திர்ஸா ஏந்தினாள். கடைசி மூன்று வாரமாக டார்காஸ் எறிந்தாள், "இந்தா" சொல்லவில்லை.

காரணம் சர்க்கரை. டார்காஸின் மகள் ஃப்ளோரிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு வாரம் அரை ராத்தல் என்று யுத்த ரேஷனில் அளந்து கொடுக்கிற காலத்தில், டார்காஸ் எட்டு மாதம் வெறும் தேநீர் குடித்து, வீட்டுச் செலவுபோக நாலு ராத்தல் சர்க்கரை சேர்த்து வைத்திருந்தாள், கல்யாணக் கேக்குக்கு. திர்ஸாதான் வாயை விட்டாள். "கேக்கு சுட்டா ஆளுக்கு ஒரு கடி. அந்தச் சர்க்கரையை என்கிட்ட குடு, பிளாக்பெர்ரி ஜாம் காய்ச்சித் தர்றேன். ஊருக்கே வச்சுத் தின்னலாம்" என்றாள். டார்காஸ் கொடுத்தாள்.

வேலி முள்ளில் காய்க்கிற அந்தக் கறுப்புப் பழத்தில் அங்கங்கே செங்காய் கலந்திருந்தால்தான் ஜாம் உறையும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், திர்ஸாவுக்கும் தெரியும். ஆனால் கல்யாண ஜாம் கருகருவென்று மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டு, சிவப்பாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டாள். ஜாம் உறையவில்லை. உறையட்டும் என்று மறுபடி காய்ச்சினாள். அதற்கும் மசியவில்லை. மூன்றாம் தடவை அடிப்பிடித்து, வீடு முழுக்கப் புகைந்து, சட்டியோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சூளை வேலை முடிந்தது. மறுநாள் கல்யாணம். கைகழுவுகிற தொட்டியருகே திர்ஸா டார்காஸின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளைக்கு மேசைக்குப் பழ அப்பம் நான் கொண்டு வர்றேன். நாப்பது பேருக்கும்."

டார்காஸ் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம் சொன்னாள்: "சிலர் நாக்குலயே சர்க்கரை ஆலை ஓடுது பாரு. போன தடவை தார் காய்ச்சினாங்க. மாப்பிள்ளை கப்பல்ல இருக்கான், அடியில பூச எடுத்துட்டுப் போகட்டும்."

தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திர்ஸாவும் சிரித்திருப்பாள், வேறு யாருடைய ஜாமாக இருந்தால்.

"சர்க்கரை இல்லாத அப்பம்" என்றாள்.

"பழம் பறிக்க இன்னைக்கு ஒரு பொழுதுதான் இருக்குன்னு சொல்லு அவகிட்ட" என்றாள் டார்காஸ் அதே பெண்ணிடம். "நாளைக்குப் பத்தாம் தேதி. சாத்தான் துப்பின பழம் என் பொண்ணு கல்யாணத்துல வேணாம்."

அக்டோபர் பத்துக்குமேல் அந்த ஊரில் யாரும் பிளாக்பெர்ரி தொடமாட்டார்கள். வானத்திலிருந்து தள்ளிவிடப்பட்ட சாத்தான் அந்த நாளில்தான் முள் புதரில் விழுந்தான் என்றும், அந்தக் கோபத்தில் வருஷா வருஷம் வந்து பழத்தின்மேல் துப்பிவிட்டுப் போகிறான் என்றும் சொல்வார்கள். துப்புகிறானோ இல்லையோ, அதற்குப் பிறகு பழம் நீர்கோத்துச் சப்பென்று போவது உண்மை.

திர்ஸா வீட்டுக்குள் உட்காரக்கூட இல்லை. உட்கார்ந்தால் எழமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். பழைய காலுறை இரண்டின் பாதத்தை வெட்டிவிட்டு முழங்கைவரை இழுத்து மாட்டினாள். பால் தூக்கை எகிப்தில் பட்டாளத்தில் இருக்கிற கணவனின் பெல்ட்டில் கோத்து இடுப்பில் கட்டினாள், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் அல்லவா. இரண்டு வாளி, கொக்கி வளைந்த ஒரு கைத்தடி. ஒரு ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு புறப்பட்டாள்.

மேட்டுப் பாதையின் இருபுறமும் உயிர்வேலி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. பாதைப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொட்டையடித்துவிட்டிருந்தார்கள். காட்டு ரோஜாக் காய்களைக்கூட மருந்துச் சாறுக்கென்று அரசாங்கத்துக்குப் பறித்துக் கொடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்தவை வாயை இறுக்கிப் பிடிக்கிற கருநீல முள்காய்கள், அப்புறம் வெயில் படாமல் வெம்பிய சின்னச் சின்ன பிளாக்பெர்ரிகள். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். புளிப்பு. இதைப் போட்டு அப்பம் சுட்டால் அரை மூட்டை சர்க்கரை வேண்டும்.

இனிப்பு வேலியின் மறுபக்கத்தில் இருந்தது. தெற்கு வெயில் நாள் முழுக்க அடிக்கிற வயல் பக்கம். அது அமோஸ் கிரச்லியின் வயல்.

வேலிக்கு இரண்டு பக்கம். பாதைப் பக்கத்துப் பழம் ஊருக்கு, வயல் பக்கத்துப் பழம் வயல்காரனுக்கு. எழுதி வைக்காத சட்டம், ஆனால் மீறினவளை ஊரில் திருடி என்றுதான் சொல்வார்கள். திர்ஸா வயலின் மரக் கேட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வாளிகளை உள்ளே எறிந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி ஏறிக் குதித்தாள்.

பழங்கள் அங்கே கொத்துக் கொத்தாகத் தொங்கின. இந்த முறை அவளுக்கு வேண்டியது கருகருவென்ற பழம் மட்டும்தான். கை பட்டதும் தானாகக் கழன்று உள்ளங்கையில் விழுகிற பழம் இனிக்கும், இழுத்தால் வருகிறது புளிக்கும். விழுந்ததை எடுத்தாள், அடம்பிடித்ததை விட்டாள். வலது கட்டைவிரல் உதவவில்லை. தடியின் கொக்கியால் கொடியை வளைத்து, அந்தத் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் பறித்தாள். காலுறையையும் தாண்டி முள் கீறியது. குளவிகள் சுற்றின. தூக்கு நிறைய நிறைய வாளியில் கொட்டினாள். முதல் வாளி நிறைந்து, இரண்டாவதில் பாதி ஏறியிருந்தது.

நாய் முதலில் வந்தது. பின்னால் கிரச்லி.

"ஏம்மா, கேட்டு எதுக்கு வச்சிருக்கு?"

"ஏறிக் குதிக்கத்தான்" என்றாள் திர்ஸா. கையை நிறுத்தவில்லை.

"ரோட்டுப் பக்கம் உங்களுக்கு, இந்தப் பக்கம் எனக்கு. உங்க ஆத்தா காலத்துலேர்ந்து இதான். வாளியைக் கீழ வை."

"கீழதான் இருக்கு."

"வாயைப் பாரு. ரோட்டுப் பக்கத்துப் பழத்துக்கு என்ன கேடு? சர்க்கரை போட்டுக் காய்ச்ச வேண்டியதுதானே."

"சர்க்கரை இல்ல."

"ஏன், டார்காஸோட சர்க்கரை?" கிரச்லி பல் தெரியச் சிரித்தான். "உன் சட்டி கருகின வாடை என் மாட்டுக்கொட்டாய் வரைக்கும் வந்துச்சு. மாடு ரெண்டு நாள் பால் குடுக்கல."

திர்ஸா அப்போதுதான் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"ஆமா, நான்தான் கருக்கினேன். எட்டு மாசச் சர்க்கரை. நாளைக்கு அந்தப் பொண்ணு மேசையில இனிப்பா ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கத்துப் பழம் சர்க்கரை இல்லாமலே இனிக்கும், அதான் வந்தேன். திருடின்னு சொல்லணும்னா சொல்லுங்க, திங்கக்கிழமை சொல்லுங்க. இன்னைக்கு எனக்கு நேரமில்ல."

கிரச்லி வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "இதை அரண்மனைவீட்டுல சர்க்காருக்கு ஜாம் காய்ச்சுற கூடத்துக்குத் தர்றதாச் சொல்லியிருக்கேன்."

"எப்போ பறிப்பீங்க?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை பன்னெண்டாம் தேதி. சாத்தான் துப்பினதைப் பறிச்சுக் குடுங்க, நல்லாத் தின்னட்டும்."

அவன் தாடையைச் சொறிந்தான். அவன் யோசிக்கும்போதே அவள் நாலு பழம் பறித்தாள்.

"உருளைக்கிழங்கு எடுக்க ஆளில்லைன்னு நீங்க தேவாலய வாசல்ல புலம்பினீங்க. நான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். ஒரு நாள்."

"ரெண்டு நாள்."

"ஒரு நாள். விடிஞ்சதுலேர்ந்து அடையிற வரைக்கும், நடுவுல உட்காராம."

"உன் கை இருக்கிற லட்சணத்துக்கா?"

"கிழங்கு ஒண்ணும் என்மேல எகிறி விழாது. உங்க நாயைக் கூப்பிடுங்க, வாளியில மூக்கை விடுது."

கிரச்லி நாயைக் கூப்பிட்டான். போகிற போக்கில் தடியால் ஒரு கொடியை அழுத்திப் பிடித்து, "மேல மூலையில இன்னும் நல்லாப் பழுத்திருக்கு, குருடி" என்றான்.

பொழுது சாயும்போது இரண்டு வாளியும் நிறைந்தன. திர்ஸா அவற்றைத் தூக்கிக்கொண்டு நேராக டார்காஸ் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். டார்காஸ் கதவைத் திறந்து, அவள் கையையும் கிழிந்த காலுறையையும் பார்த்தாள்.

"மாவு என்கிட்ட இருக்கு. பிசையக் கொழுப்பு இல்ல. உன் பன்னிக் கொழுப்புல கொஞ்சம் குடு" என்றாள் திர்ஸா.

டார்காஸ் வாளியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தின்றாள். வாளியின் அடிவரை கையை விட்டு இன்னொன்றை எடுத்தாள். அதையும் தின்றாள். விரலை நக்கினாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் திர்ஸாவைப் பார்த்துப் பேசினாள்.

"கொழுப்பை உன் கையில தரமாட்டேன். உன்னை நம்பி அடுப்பையும் தரமாட்டேன். மாவை எடுத்துட்டு வா, நான் பிசையறேன். உன் வீட்டு மரத்துப் பேரிக்காயும் கொண்டா. இனிப்புக்கு ஆகும்."

விடியற்காலையில் அந்தச் சமையலறையில் ஒருத்தி மாவைத் தேய்த்தாள், ஒருத்தி பேரிக்காய் நறுக்கினாள். பேச்சு என்று பெரிதாக இல்லை. "தடிமனா நறுக்காத." "சரி." "அடுப்புக் கிட்ட வராத." "வரல." பதினோரு மணிக்கு ஆறு பெரிய தட்டுகளில், பழத்தை மாவால் மூடிய அப்பம் வெந்து, ஓரத்தில் கருஞ்சிவப்புச் சாறு பொங்கி வழிந்தது.

கல்யாணத்தில் நாற்பது பேரும் தின்றார்கள். மாப்பிள்ளை மூன்று துண்டு தின்றான். ஃப்ளோரியின் பல் கறுத்துப் போயிருந்ததால், படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இதில் எவ்வளவு சர்க்கரை போட்டீர்கள், எங்கே கிடைத்தது என்று மூன்று பெண்கள் தனித்தனியாக டார்காஸிடம் கேட்டார்கள். "வேலியில கிடைச்சுது" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை திர்ஸா கிரச்லியின் வயலில் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் குனிந்தபடி கிழங்கு பொறுக்கினாள். உட்காரவில்லை.

திங்கள் காலை சூளை வாயில் அவள் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, கட்டைவிரல் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது, முதுகுதான் நிமிரமாட்டேன் என்றது. உள்ளே டார்காஸ் மூன்று கல்லை எடுத்தாள். திர்ஸா கையை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தா" என்றாள் டார்காஸ்.

கற்கள் மூன்றும் சேர்ந்து வந்தன. வலிக்காமல் ஏந்தினாள். இன்னொரு "இந்தா", இன்னொரு மூன்று. பழைய தாளத்துக்கு வர இரண்டு வண்டி பிடித்தது. தேநீர் மணி அடித்ததும் இருவரும் வெளிச்சுவரில் சாய்ந்து நின்றார்கள். டார்காஸ் தன் குவளையை ஊதினாள்.

"அப்பம் நல்லாத்தான் இருந்துச்சு."

"ம்."

"நாப்பது பேருக்கும் பத்துச்சு. ஒரு துண்டு மிஞ்சுச்சு, ராத்திரி நானே தின்னுட்டேன்."

திர்ஸா தன் தேநீரைக் குடித்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து அதில் சர்க்கரை இல்லை. தன் பங்கு முழுவதையும் ஒதுக்கினால் வாரம் அரை ராத்தல் வீதம் என்று அவள் கணக்குப் போட்டாகிவிட்டது, சேர்த்து முடிக்கக் கிறிஸ்துமஸ் நெருங்கிவிடும். டார்காஸ் எட்டிப் பார்த்து, குவளையின் நிறத்திலேயே தெரிந்துகொண்டவள்போல் தலையாட்டினாள்.

"அப்பம் வேற, அது வேற, திர்ஸா" என்றாள். "நாலு ராத்தல் சர்க்கரை இன்னும் பாக்கி."